மூக்கில்லாமல் பெண் பார்க்கப் போன கதை

எனக்கு மூக்கு உண்டு. என் கல்யாணப் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்க முடியாது. நீளமான, எடுப்பான மூக்கு. நான் ஓர் அறைக்குள் வருவதற்கு முன்னால் அது வந்துவிடும். ஆனால் இருபத்தாறு வயது வரை அதனால் நான் கண்ட பயன், மூக்குக் கண்ணாடி நழுவாமல் நின்றது ஒன்றுதான். மூச்சு விட வாய் இருந்தது. முகர்ந்து பார்த்துச் சொல்ல அடுத்தவர்கள் இருந்தார்கள். இந்த உண்மையை மறைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனேன். போய், அந்த வீட்டு மானத்தையும் என் மானத்தையும் ஒரே தாம்பாளத்தில் வைத்துவிட்டு வந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். (நான் சொல்லாவிட்டாலும் பேரப்பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.)

சின்ன வயதில் வெறும் தும்மல்தான். களத்தில் பொலி தூற்றினால் வீட்டுக்குள் இருந்து நான் தும்முவேன். போர்வையை உதறினால் தும்முவேன். சாம்பிராணி போட்டால் கேட்கவே வேண்டாம். ஒரே மூச்சில் பதினேழு தும்மல் என் சாதனை. அக்கா செண்பகம் விரல் விட்டு எண்ணியது. (அக்காவுக்குப் பதினொன்றுக்கு மேல் போகாது. எங்கள் குடும்பத்தில் மூக்கு விஷயத்தில் யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை.) வயது ஏற ஏறத் தும்மல் குறைந்து அடைப்பு கூடியது. இருபது வயதில் இரண்டு துவாரங்களும் சிமெண்ட் வைத்துப் பூசியதுபோல் அடைத்துக்கொண்டன. மணம் என்பது எந்த நாளில் என்னை விட்டுப் போனது என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கரியாகி, பக்கத்து வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பேச்சும் கெட்டது. மூக்கு அடைத்தவனுக்கு ‘ம’ வராது, ‘ன’ வராது. என் பெயர் மாணிக்கம். யாராவது பெயர் கேட்டால் “பாடிக்கப்” என்பேன். பாட்டு வாத்தியாரா என்று கேட்டவர்களும் உண்டு.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. வைத்தியர் ‘பீனிசம்’ என்று நோய்க்குப் பெயர் வைத்துவிட்டு, என்னை மல்லாத்திப் படுக்க வைத்து மூக்கில் தைலம் ஊற்றினார். தைலம் உள்ளே போக வழியில்லாமல் அப்படியே திரும்பி வந்து என் காதுக்குள் போனது. மஞ்சளைச் சுட்டுப் புகை பிடித்தேன். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தேன். முகம் சிவந்ததே தவிர மூக்கு அசையவில்லை.

அந்த நிலையில்தான் எனக்கு அஞ்சல் ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக இருந்த காலம் அது; எங்கள் நாகர்கோவில் பக்கம் தமிழ்நாட்டோடு சேர இன்னும் ஐந்தாறு வருடம் இருந்தது. கடற்கரையில் கடியப்பட்டணத்துக்குப் போட்டார்கள். எனக்கு முன்னால் அங்கே போட்ட சைவக் கிளார்க்குகள் மூன்று பேரும், வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று மனு எழுதி ஒரே மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். நான் ஓடவில்லை. கருவாடு சேர்த்து வைக்கும் கிட்டங்கி ஒன்றின் மாடியில் விசாலமான அறை, நாலு பக்கமும் காற்று, ஜன்னலைத் திறந்தால் கடல். இப்படிப்பட்ட இடத்தை விட்டு ஏன் ஓடினார்கள் என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, மூக்கில் துண்டை வைத்துக்கொண்டே என் கடமையுணர்ச்சியைப் பாராட்டினார். (அவருக்கு ஜலதோஷம் என்று நினைத்தேன்.)

வீட்டுக்காரி லூர்தம்மாள். கருவாட்டு வியாபாரம் முழுவதும் அவள் கையில்தான். என்னைப் பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொண்டாள். சைவக்காரனான எனக்கு மரக்கறிச் சோறு சமைக்கும்போது பெருங்காய வாடை தாங்காமல் அவளுக்குத் தலைவலி வரும், ஆனாலும் சமைத்தாள். மொட்டைமாடியில் அவள் நெத்தோலி காயப்போடுவாள். அதே மாடியில் நான் கைக்குட்டை காயப்போடுவேன். தீராத சளிக்காரனுக்கு ஒரு கைக்குட்டை எந்த மூலைக்கு? என்னிடம் பதினான்கு இருந்தன. ஓலைப்பாய் விரித்து ஒரு வரிசை நெத்தோலி, ஒரு வரிசை கைக்குட்டை. காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று உறவாடும். சாயங்காலம் லூர்தம்மாள் அவளுடையதை அள்ளிக்கொண்டு போவாள், நான் என்னுடையதை மடித்துக்கொண்டு போவேன்.

இனி கல்யாண விஷயம். அதற்கு முன்னால் இரண்டு வீட்டில் பெண் பார்த்து இரண்டும் தட்டிப்போயிருந்தன. முதல் வீட்டில், “பையன் வாயத் தொறந்துகிட்டே இருக்கான், மந்தமோ?” என்று கேட்டார்கள். இரண்டாவது வீட்டில், முகூர்த்த நாள் பேச ஆரம்பித்த நேரம் பார்த்துத் தும்மினேன். ஒரு தும்மலே அபசகுனம். நான் பதினேழு தும்மினேன். அவர்கள் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார்கள்.

மூன்றாவது பெண் விஷயம் வேறு. அந்தப் பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். சுசீந்திரம் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிற கூட்டத்துக்குள் ஒருவன் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு, எல்லார் காலுக்கிடையிலும் குனிந்து தேடிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. செருப்பைத் தொலைத்தவன் நான்தான்.

அக்காவிடம் சொன்னேன். அக்கா விசாரித்துக்கொண்டு வந்தாள். பெயர் பகவதி. கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ப, க, வ, தி. மூக்கடைத்தவனும் தப்பில்லாமல் சொல்லக்கூடிய பெயர்! இதைவிடப் பெரிய பொருத்தம் எந்த ஜோசியன் பார்த்துச் சொல்ல முடியும்?

“ஒனக்க மூக்கு வெவரம் அவிய காதுல விழப்பிடாது, கேட்டியா?” என்றாள் அக்கா. “நோக்காட்டுக்காரன்னு பேராயிட்டா பிறகு ஒரு வீட்டுலயும் பொண்ணு தரமாட்டா. வாய மூடிக்கிட்டு இரி. தும்மல் வந்தா மேலுதட்ட அமுக்கிப் பிடி. பேச்சக் கொற.”

“சரி.”

“பொண்ணு வந்ததும், பூ வாசம் ஜோராயிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லு. அதோட ஒனக்க மூக்கப் பத்தி ஒருத்தனும் கேக்கமாட்டான். நான் அப்படித்தான் ஒங்க அத்தானக் கெட்டுனேன்.”

அக்காவுக்கும் மணம் தெரியாது என்பது அத்தானுக்குத் தெரியாது. அத்தானுக்கும் மணம் தெரியாது என்பது வேறு கதை. நிமிஷத்துக்கு ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுப் போட்டு அவர் மூக்கு எப்போதோ உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தது. ஆக, பெண் பார்க்கக் கிளம்பிய நாங்கள் மூன்று பேர்; மொத்தம் ஆறு மூக்குத் துவாரம்; வேலை செய்தது ஒன்றுகூட இல்லை.

அன்று காலை பெட்டியிலிருந்து பட்டுக்கரை வேட்டி, ஜிப்பா, தோளில் போட நேரியல் எல்லாம் எடுத்து உடுத்தினேன். எட்டு மாதம் அந்த அறையில் பூட்டியிருந்த பெட்டி. எனக்கும் புத்தி இல்லாமல் இல்லை. கிளம்புமுன் லூர்தம்மாளிடம் கேட்கவே செய்தேன்.

“லூர்தம்மா, எனக்க மேல ஏதாவது வாடை வருதா?” (என் வாயில் அது ‘எடக்க பேல’ என்றுதான் வந்தது. அவளுக்கு என் பேச்சு பழக்கம்.)

அவள் கிட்டே வந்து மனதார முகர்ந்து பார்த்தாள். “ஒரு வாடையும் இல்ல சாரே. நல்ல சுத்தமா இருக்கிய. மாதாவ நெனச்சுக்கிட்டுப் போங்க.”

கருவாட்டுக் கிட்டங்கியிலேயே பிறந்து வளர்ந்தவளிடம் போய்க் கேட்டேன் பாருங்கள், அந்த இடத்தில் என் புத்தியின் எல்லை முடிந்தது.

பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆனால் என் பக்கத்து இருக்கை நாகர்கோவில் வரை காலியாகவே வந்தது. அரசாங்க உத்தியோகஸ்தன் என்றால் ஜனங்களுக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது என்று எண்ணிக்கொண்டேன். சுசீந்திரத்தில் இறங்கியபோது அக்காவும் அத்தானும் நின்றிருந்தார்கள். அங்கிருந்து வயல் வரப்பு வழியாகக் கிழக்கே நடந்தோம். (ஊர்ப் பெயர் வேண்டாம். மாமனார் வீட்டார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.) நடக்கும்போது தலைக்கு மேல் ஒரு கருடன் வட்டமிட்டது. கழுத்து வெள்ளை, உடம்பு செம்மண் நிறம், அசல் கருடன். மூன்று பேரும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அது போகவில்லை. வீடு வரைக்கும் கூடவே வந்தது.

“இத விட நல்ல சகுனம் வேணுமா?” என்று அக்கா கண்ணீர் விட்டாள்.

கடற்கரையில் அந்தப் பட்சி எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்பதை எட்டு மாதமாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பெண்ணின் அப்பா ஆறுமுகம் பிள்ளை வாசலில் நின்று வரவேற்றார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்ராட்சம். ஊரிலேயே ஆசாரத்துக்குப் பெயர் போன வீடு. உட்கார்ந்ததும் மட்டிப்பழமும் முந்திரிக்கொத்தும் வந்தன. பெண்ணின் தாய்மாமன் சங்கரன் எதிரே வடக்குப் பக்கம் நாற்காலியில் இருந்தார். எங்களுக்கு நடுவே வெற்றிலைத் தாம்பாளம்.

“எங்க வீட்டுல மூணு தலமுறையா ஒருத்தனும் உளும்பு கையால தொட்டதில்ல,” என்றார் ஆறுமுகம் பிள்ளை. “எதுக்கு, எங்க பூன இருக்கே சிவகாமி, அதுகூட சைவம். தயிர்ச்சோறுதான் திங்கும். மீன் முள்ளக் கண்டா பயப்படும்.”

அவர் சொல்லி முடிப்பதற்கும் சிவகாமி அறைக்குள் வருவதற்கும் சரியாக இருந்தது. வெள்ளைப் பூனை, அதன் நெற்றியிலும் விபூதிக் கீற்று. வாசலில் ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தது. பிறகு ஓடி வந்து என் மடியில் ஏறி, ஜிப்பாவுக்குள் தலையை விட்டு, என் நெஞ்சை நக்க ஆரம்பித்தது.

“வேத்தாளு மடியில ஏறவே ஏறாதே!” என்று ஆச்சரியப்பட்டார் ஆறுமுகம் பிள்ளை. நான் அடக்கமாகப் புன்னகை செய்தேன். பூனைக்குக்கூட என் குணம் தெரிகிறது.

பகவதி காப்பி கொண்டு வந்தாள். தலை நிறைய ஆரஞ்சு நிறத்தில் பூ. என்னைப் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள், மறுபடி பார்த்தாள். நாணம் என்று எடுத்துக்கொண்டேன். அக்கா முழங்கையால் இடித்தாள். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வசனத்தை எடுத்து விட்டேன்.

“பூ வாசம் ஜோராயிருக்கு.”

(என் வாயில் அது ‘வாசப்’ என்றுதான் வந்தது. பரவாயில்லை, புரிந்தது.)

பகவதியின் கை தன்னையறியாமல் தலைக்குப் போனது. பூவைத் தொட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, எதையோ அடக்கிக்கொண்டு, வேகமாக உள்ளே போய்விட்டாள். காரியம் ஜெயம் என்று அக்கா என் தொடையைத் தட்டினாள்.

அதற்கப்புறம் பெண்ணின் அம்மா கதவோரம் வந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கணவருக்கு ஏதோ ஜாடை காட்டினாள். சங்கரன் மாமா காற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். கடைசியில் ஆறுமுகம் பிள்ளை தர்மசங்கடத்தோடு என் பக்கம் குனிந்தார்.

“தம்பி, தப்பா நெனைக்காண்டாம். ஒங்களுக்கு ஏதாவது வாடை வருதா?”

இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ‘இல்லை’ என்றால், எல்லாருக்கும் வருகிற வாடை இவனுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே! பகவதி கையை விட்டுப் போய்விடுவாளே! கண்ணை மூடி, அடைத்த மூக்கால் ஆழமாக இழுப்பதுபோல் நடித்தேன்.

“ஆபா! பயங்கரபா வருது!”

“எந்தால இருந்து?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏதாவது ஒரு திசை சொல்லியாக வேண்டும். கையை நீட்டினேன். வடக்கே காட்டினேன். வடக்கே ஜன்னல் இருந்தது என்பது என் கணக்கு. ஜன்னலுக்கு முன்னால் சங்கரன் மாமா இருந்தார் என்பது அவருடைய விதி.

மாமாவின் முகம் வெளிறியது. வேர்த்தது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நான் இன்னும் கையை இறக்கவில்லை. (இறக்கத் தோன்றவில்லை.) ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை.

“அத்தான், நேத்தைக்கு நாரோயில்ல கேஸ் விசயமாப் போயிருந்தம்லா,” என்று தழுதழுத்தார். “கூட வந்தவன் வற்புறுத்தினான். ஒரே ஒரு ஆவோலி மீன் துண்டு. வெத்தில போட்டுட்டுத்தான் வந்தேன். பல்லும் தேச்சேன்!”

உள்ளே இருந்து ஓர் அலறல். மாமாவின் மனைவியாக இருக்க வேண்டும். ஆறுமுகம் பிள்ளை எழுந்து நின்றார். சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறக்குமுன் எப்படி நின்றிருப்பாரோ அப்படி நின்றார். மாமா கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்து ஒரு மூலையில் நின்றார். என்னை எல்லாரும் பயபக்தியோடு பார்த்தார்கள்.

“என்ன மூக்கு தம்பி ஒங்க மூக்கு!” என்றார் ஆறுமுகம் பிள்ளை. “நேத்து தின்ன மீன இன்னைக்குப் பிடிச்சிட்டியளே! இப்பம் வாடை நின்னுட்டுல்லா?”

நான் தலையாட்டப் போனேன். அதற்குள் கதவோரம் நின்ற அம்மா, “நிக்கல்ல. முன்னைக்கு இப்பம் கூடுதலாட்டு இருக்கு,” என்றாள். (ஆர்வத்தில் நான் நேரியலை உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன்.)

“தம்பி, ஒருக்கக்கூட பாருங்க.”

இந்தத் தடவை மனிதர்கள் இருக்கும் பக்கம் கையை நீட்டக் கூடாது என்று தீர்மானித்தேன். யாருக்கும் தீங்கு வராத ஒரு மரச்சாமானாகப் பார்த்தேன். மூலையில் நெல் போட்டு வைக்கும் பத்தாயம் ஆள் உயரத்துக்கு நின்றது. அதைக் காட்டினேன்.

ஆறுமுகம் பிள்ளையின் விபூதி நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. “பத்தாயத்துல நெல்லுதான் கெடக்கு,” என்றார்.

“பாத்துட்டாப் போச்சு,” என்றார் சங்கரன் மாமா. மூலையில் ஈரத்தோடு நின்றவருக்கு எங்கிருந்து அவ்வளவு சுறுசுறுப்பு வந்ததோ, ஒரே பாய்ச்சலில் பத்தாயத்துக்குப் பின்னால் கையை விட்டார். ஒரு தேயிலை டப்பா வெளியே வந்தது. மூடியைத் திறந்தார். உள்ளே, காப்பிப்பொடி நிறத்தில், துண்டு துண்டாக மாசிக் கருவாடு.

“இளம் வயசுல கொழும்புல கடையில நின்னம்லா,” என்று ஆறுமுகம் பிள்ளை சுவரைப் பார்த்துச் சொன்னார். “அங்க பழகிப்போச்சு. மாசத்துல ஒரு துண்டு. தேங்காச் சம்பலுக்குள்ள.”

“கொழும்புத் தேயிலைன்னு சொன்னியளே!” என்றாள் அவர் மனைவி. “இருவது வருசமா அந்த டப்பாவ நான் தூசி தட்டி வச்சேனே! எனக்க கையாலயே வச்சேனே!”

சங்கரன் மாமா என் காலில் விழவில்லை, அவ்வளவுதான். “இது மூக்கு இல்ல அத்தான், தெய்வம்!” என்றார். அக்கா என்னைக் கண்ணகலப் பார்த்தாள். தம்பிக்கு மூக்கு எப்போது திறந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. நானே கொஞ்சம் நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வீட்டுக்கார அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. தீட்டுப் போக வேண்டும் என்று தூபக்கால் நிறையக் கனல் போட்டு, கை நிறையச் சாம்பிராணியை அள்ளிக் கொட்டி, நேராக என் முன்னால் கொண்டு வந்து வைத்தாள். தெய்வ மூக்குக்கு முதல் மரியாதை.

மேலுதட்டை அமுக்கினேன். மூச்சைப் பிடித்தேன். கண்ணில் நீர் வழிந்தது. முடியவில்லை. முதல் தும்மலில் பூனை மடியிலிருந்து தூக்கி எறியப்பட்டது. நாலாவது தும்மலில் கண்ணாடி போனது. ஏழாவதில் கைக்குட்டை ஞாபகம் வந்து, ஜிப்பாப் பையிலிருந்து வேகமாக உருவி உதறினேன்.

மடிப்புக்குள்ளிருந்து மூன்று நெத்தோலிகள் பறந்தன.

ஒன்று வெற்றிலைத் தாம்பாளத்தில், பாக்குக்கும் மஞ்சளுக்கும் நடுவில் விழுந்தது. ஒன்று அத்தானின் மூக்குப்பொடி டப்பாவில் விழுந்தது. மூன்றாவது தரையைத் தொடுவதற்குள், மூன்று தலைமுறைச் சைவமான சிவகாமி எம்பிக் கவ்விக்கொண்டு பத்தாயத்துக்கு அடியில் போய்விட்டது.

பதினேழு வரை தும்மி முடித்து நிமிர்ந்தேன். சங்கரன் மாமா மெதுவாகக் கிட்டே வந்து, என் தோளை முகர்ந்தார். நேரியலை முகர்ந்தார். “அத்தான்,” என்றார். “ஆளே கருவாடு.”

எனக்கு எல்லாம் விளங்கியது. காலி இருக்கை, கருடன், பூனை, மேலதிகாரியின் துண்டு எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. இனி மறைத்து என்ன?

“எடக்கு படப்பே தெரியாது,” என்றேன். மணமே தெரியாது என்று சொன்னதாக நினைப்பு. ஒருவருக்கும் புரியவில்லை. அக்கா எழுந்து நின்று தேம்பித் தேம்பி மொழிபெயர்த்தாள். மொழிபெயர்த்த வேகத்தில், தனக்கும் தெரியாது என்பதையும் சொல்லிவிட்டாள்.

“ஒனக்குமா?” என்றார் அத்தான். அன்று முழுவதும் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். “அப்பம் நம்ம கல்யாணத்துக்கு நான் பூசுன அத்தரு? ஜோராயிருக்குன்னு சொன்னியே செம்பகம்!”

அக்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆறுமுகம் பிள்ளைக்கு இப்போதுதான் கோபப்பட ஓர் ஆள் கிடைத்தது. “எந்திரிங்க,” என்றார். “நோக்காட்ட மறச்சு, உளும்பக் கொண்டாந்து தட்டத்துல போட்டு, எனக்க மானத்தையும் வாங்கியாச்சு. இனி எனக்க பொண்ணக் குடுக்க எனக்குக் கிறுக்கா?”

எழுந்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்தேன். இருபத்தாறு வருடத்தில் என் மூக்கின் மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்ததில்லை.

அப்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். பகவதி கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வெளியே வந்தாள்.

“அப்பா, அவியளுக்கு மணம் தெரியாதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும். நான் வச்சிருக்கது கனகாம்பரம். கனகாம்பரத்துக்கு ஏது வாசம்?”

ஆறுமுகம் பிள்ளை வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

“தேயில டப்பா வச்சிருக்கவிய நெத்தோலியக் கண்டு கோவப்படப்பிடாது. மூக்க டாக்டர்ட்ட காட்டிச் செரியாக்கிட்டு வரச் சொல்லுங்க. அம்புட்டுதான்.” பிறகு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையோடு பெண் நேராகப் பேசுவது வழக்கமில்லாத அந்த வீட்டில், நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்: “செருப்பு கெடச்சுதா?”

தலையை இல்லை என்று ஆட்டினேன். ஆறுமுகம் பிள்ளை மகளைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரமே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நெற்றியில் கட்டிய கண்ணாடியால் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு, “எத்தனை வருஷமாக இப்படி?” என்று கேட்டார். தூசியும் புகையும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் அலர்ஜி வந்து, உள்ளே சவ்வு வீங்கி வீங்கிச் சதையாகத் தொங்குகிறதாம். மரக்கச் செய்து, கம்பிச் சுருக்கு மாட்டி, ஒவ்வொன்றாக இழுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார். வலதில் ஐந்து, இடதில் ஆறு. வெந்த ஜவ்வரிசிபோல் பளபளவென்று இருந்தன. (அன்றோடு ஜவ்வரிசிப் பாயசம் விட்டேன்.) “திரும்பவும் வளரும், வந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்,” என்றார், முடி வெட்டுகிறவர் சொல்வதுபோல.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். எல்லாம் எடுத்து, புண் ஆறி, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் கடியப்பட்டணத்துக்குத் திரும்பினேன். கிட்டங்கி வாசலுக்கு வந்ததும் எனக்குள் ஏதோ நுழைந்தது. உப்பு, வெயில், கருவாடு, ஈரக் கயிறு, எதுவும் பெயர் சொல்லிப் பிரிக்கத் தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து முகத்தில் அறைந்தது. மூன்று கிளார்க்குகள் ஏன் ஓடினார்கள் என்று ஒரு நொடியில் புரிந்தது. ஆனால் நான் ஓடவில்லை. அங்கேயே நின்று இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

“என்ன சாரே, மொகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றாள் லூர்தம்மாள்.

“ஒண்ணுமில்ல லூர்தம்மா,” என்றேன். ம, ண, எல்லாம் ஒழுங்காக வந்தன. “நல்ல மணம்.”

அவள் சுற்றும்முற்றும் முகர்ந்து பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியலியே,” என்றாள்.

ஆவணியில் கல்யாணம். டாக்டர் சொன்னது பொய்யாகவில்லை. நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை சதை வளர்ந்து மூக்கு அடைப்பதும், போய் எடுத்துக்கொண்டு வருவதுமாக என் காலம் போய்க்கொண்டிருக்கிறது. சிவகாமி அதற்குப் பிறகு தயிர்ச்சோற்றைத் தொடவில்லை. மாமனார் இருந்த வரைக்கும் அந்த வீட்டில் நான் கையை நீட்டினால் போதும், தண்ணீர்ச் செம்பை எடுப்பதற்காக நீட்டினாலும், சங்கரன் மாமாவும் அவரும் எழுந்து ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் இன்றும் சாவி காணவில்லை என்றால்கூட, “தாத்தா, கைய நீட்டுங்க, எந்தப் பக்கம்?” என்றுதான் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். (நீட்டுகிறேன். பாதி நேரம் கிடைத்தும் விடுகிறது.)

வருடா வருடம் கல்யாண நாளன்று பகவதி கனகாம்பரம் வைத்துக்கொள்வாள். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் கூடி நிற்க, நான் அவள் பக்கத்தில் போய் ஆழமாக மூச்சை இழுத்து, “பூ வாசம் ஜோராயிருக்கு” என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இலை போடமாட்டார்கள். அதற்கு அவள், “செருப்பு கெடச்சுதா?” என்று கேட்பாள்.

இந்த வருடமும் கேட்டாள். மறுபடி மூக்கு அடைத்திருக்கிறது. “இல்ல, இட்டுப் தேடுகேட்,” என்றேன். ஒருவருக்கும் புரியவில்லை. ‘இன்னும் தேடுகேன்’ என்று அவள்தான் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.